தோற்றவரைப் பாடிய மண்
(சில கால்பந்து நினைவுகள்)

வெண்ணிப் போர்க்களம் நம் காரைக்காலுக்கு நெடுந்தொலைவில் உள்ளதன்று. இன்று கோயில்வெண்ணி என வழங்கும் அவ்வூர், இதே காவிரிப் படுகையில், நீடாமங்கலத்துக்கு அருகே இருக்கின்றது. அங்கேதான் கரிகாற்சோழன் சேரமான் பெருஞ்சேரலாதனை வென்றான். வென்ற மன்னனைப் புகழ்ந்து பரிசில் பெறுவது புலவர் வழக்கம். ஆயின் வெண்ணிக் குயத்தியார் என்னும் பெண்பாற் புலவர், வெற்றிக் களிப்பில் இருந்த கரிகாலனையே விளித்து, முதுகிற்பட்ட புண்ணுக்கு வெட்கி உண்ணாதிருந்து உயிர்நீத்த சேரமான் அவனைக் காட்டிலும் மேலானவன் என்னும் பொருள்படப் பாடினார். புறநானூற்றின் 66-ஆம் பாடல் அது.

கால்பந்தைப் பற்றி எழுதப் புகுந்தவர் புறநானூற்றை எடுப்பானேன் என்று மாணவச் செல்வங்கள் வினவக்கூடும். காரணம் இருக்கின்றது. அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கால்பந்தைக் கேட்டும் படித்தும் பார்த்தும் வந்தவர் நாம். எத்தனையோ ஆட்டக்காரர்கள் நம் நெஞ்சில் இடம்பெற்றிருக்கின்றனர். அவர்களை ஒருங்கே எண்ணிப் பார்க்கும்போது, கோப்பையை உயர்த்திப் பிடித்த கைகளைவிடக் கவிழ்ந்த தலைகளே முதலில் நினைவுக்கு வருகின்றன. ஓர் ஆட்டக்காரனை எவ்வாறு நினைவில் வைப்பது என்பதை வெண்ணிக் குயத்தியார் நமக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே சொல்லிவிட்டார் என்பது நம் துணிபு.

இரு கொடிகளின் கீழ் ஓர் ஊர்

1948-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள், லண்டன் ஒலிம்பிக் போட்டியில் விடுதலை பெற்ற இந்தியாவின் கால்பந்து அணி முதன்முதலாகக் களம் இறங்கியது. எதிரே நின்ற அணி பிரான்சு. அன்றைய நாளில் நம் காரைக்கால் எந்த நாட்டைச் சேர்ந்தது? பிரான்சைச் சேர்ந்தது! இந்தியா விடுதலை பெற்று ஓராண்டு நிறையும் தறுவாயில் இருந்தது. ஆயினும் அரசலாற்றங்கரையில் மூவண்ணப் பிரெஞ்சுக் கொடியே பறந்துகொண்டிருந்தது.

அந்த ஆட்டத்தில் இந்திய வீரர்களுள் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினர். பிரான்சு முதற் கோலைப் போட்டது. மைசூர் ஆட்டக்காரரான சாரங்கபாணி ராமன் அதனைச் சமன்செய்தார். ஆட்டம் முடியும் வேளையில் பிரான்சு மேலும் ஒரு கோல் போட்டு 2-1 என வென்றது. இந்தியாவுக்குக் கிடைத்த இரண்டு பெனால்டி வாய்ப்புகளும் வீணாயின. அவற்றுள் ஒன்றைத் தவறவிட்டவர் சைலன் மன்னா.

அது ரமளான் மாதம். தராவீஹ் தொழுகை முடிந்து தேநீர்க்கடைப் பலகையில் அமர்ந்து பேசுவோரிடையே இச்செய்தி பல நாள் அலசப்பட்டது என்று, பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெற்ற பெரியவர் ஒருவர் நம் இளமைக் காலத்தில் சொல்லக் கேட்டிருக்கிறோம். "மாமா, நீங்கள் எந்தக் கட்சிக்கு மகிழ்ந்தீர்கள்?" என்று துடுக்காகக் கேட்டோம். பிரெஞ்சு அரசின் சோற்றை உண்டவர் அவர். சற்றே யோசித்து, "செருப்பில்லாமல் ஓடினவனுக்காக அழுதேன் தம்பி, ஆனால் ஜெயித்தவனைத் திட்டவில்லை" என்றார். அன்று நமக்கு அவ்விடை விளங்கவில்லை. இன்று விளங்குகின்றது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் இதே இரு நாடுகள் மீண்டும் மோதின. பி.கே. பானர்ஜி இந்தியாவின் கோலைப் போட, ஆட்டம் 1-1 எனச் சமனாயிற்று. அப்போதும் காரைக்காலின் நிலை விந்தையானதே! 1954 நவம்பர் 1 முதல் ஆட்சி இந்தியாவினுடையது. எனினும் சட்டப்படியான உரிமை மாற்றம் 1962 ஆகஸ்டு 16 அன்றுதான் நிறைவெய்தியது. ஆக, அவ்விரு ஆட்டங்களின்போதும் நம் ஊர் இரு நாடுகளுக்கும் நடுவே நின்றது. ஒரு வீட்டில் அண்ணன் இந்தியக் குடியாகவும் தம்பி பிரெஞ்சுக் குடியாகவும் இருப்பது இங்கே புதுமையன்று. "நீ எந்தக் கட்சி?" என்று மிரட்டிக் கேட்டால் பாதி ஊர் விடைசொல்லத் திணறும். இதனைக் குறையென்று நாம் கருதவில்லை. இரு பக்கத்தையும் நேசிக்கக் கற்றது காரைக்காலின் பேறு.

பெனால்டியைத் தவறவிட்ட சைலன் மன்னா என்ன ஆனார்? எவரும் அவரைத் தூற்றி ஒதுக்கவில்லை. 1951-இல் டெல்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவரே இந்திய அணியின் தலைவர். இறுதி ஆட்டத்தில் மேவாலால் போட்ட ஒரே கோலால் ஈரானை வென்று தங்கப் பதக்கம் பெற்றது அவ்வணி. ஒரு தவற்றோடு ஒருவன் கதையை முடித்துவிடாத பெருந்தன்மை அன்றைய மக்களிடம் இருந்தது.

முகமதன் ஸ்போர்ட்டிங்

நம் சமுதாயப் பெரியவர்களிடம் கால்பந்து என்று வாய்திறந்தால் அடுத்த சொல் முகமதன் ஸ்போர்ட்டிங் என்றே வரும். 1891-இல் கல்கத்தாவில் தோன்றிய இக்கழகம், 1934 முதல் 1938 வரை ஐந்தாண்டுகள் இடையறாது கல்கத்தா லீக் பட்டத்தை வென்றது. அதற்கு முன் எந்த இந்தியக் கழகமும் அப்பட்டத்தைத் தொட்டதில்லை. 1940-இல் வெள்ளையர் படைப்பிரிவொன்றைத் தோற்கடித்து டூரண்ட் கோப்பையையும் கைப்பற்றியது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வந்து சேர்ந்த ஆட்டக்காரர்கள் அவர்கள்.

அவர்களுள் முகமது சலீம் என்பவரை மாணவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். 1936-இல் அவர் ஸ்காட்லாந்து சென்று, கிளாஸ்கோவின் செல்டிக் கழகத்துக்காகக் காலில் துணிக்கட்டுடன், காலணியின்றி ஆடினார். ஐரோப்பியக் கழகம் ஒன்றுக்கு ஆடிய முதல் இந்தியர் அவரே. செல்டிக், அயர்லாந்திலிருந்து குடியேறிய ஏழைக் கத்தோலிக்கருக்கு உதவும் பொருட்டுத் தோன்றிய கழகம். கல்கத்தா முஸ்லிம் ஒருவர் அவர்களுடைய பச்சைச் சட்டையை அணிந்து ஆட, அவ்வூர் மக்கள் கைதட்டி மகிழ்ந்தனர். அவருடைய மதத்தையோ நிறத்தையோ அவர்கள் பொருட்படுத்தவில்லை. அவர் கால்களின் நுட்பத்தையே கண்டனர்.

இங்கே ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்லுதல் நம் கடமை. முகமதனின் பொற்காலம், நாட்டில் வகுப்புப் பிணக்கு வளர்ந்த காலமும் ஆகும். மைதானத்து ஆரவாரம் தெருவில் பகையாக மாறிய நாட்களும் உண்டு. பெருமிதம் வேறு, பகை வேறு என்பதை அந்நாளில் எல்லாரும் உணர்ந்திருக்கவில்லை. அப்படியும், பின்னாளில் அதே கழகத்தின் கோலைக் காத்தவர்களுள் ஒருவர் யார் தெரியுமா? பீட்டர் தங்கராஜ்! ஹைதராபாதில் பிறந்த கிறித்தவர். வெலிங்டனிலுள்ள மதராஸ் ரெஜிமென்டின் அணியில் ஆடி வளர்ந்தவர். 1962-இல் ஜகார்த்தாவில் தென்கொரியாவை 2-1 என வென்று ஆசியத் தங்கம் பெற்ற இந்திய அணியினர். முகமதன், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய மூன்று கழகங்களுக்கும் அவர் ஆடினார். மூன்று கழகத்தாரும் அவரைத் தம்மவர் என்றே கொண்டாடினர். அந்தத் தங்க அணியைப் பயிற்றுவித்த சையது அப்துல் ரஹீம், அடுத்த ஆண்டே புற்றுநோய்க்கு இரையானார். அவரை எந்த ஒரு சமுதாயமும் தனக்கு மட்டுமே உரியவர் என்று சொல்லிக்கொள்ள இயலாது.

மூன்று மேதைகள் தவறிய இரவு

1986-ஆம் ஆண்டு மெக்சிகோ உலகக் கோப்பை தொலைக்காட்சியின் வாயிலாக நம் இல்லங்களுக்குள் புகுந்தது. கூரைமேல் நீண்ட ஆண்டெனாவைத் திருப்பித் திருப்பி, புள்ளிகள் சிதறும் திரையில் பந்தைத் தேடிய இரவுகள் அவை. ஜூன் 21 அன்று நள்ளிரவை ஒட்டித் தொடங்கியது பிரான்சு - பிரேசில் ஆட்டம். கூடத்தில் பாய்விரித்து அமர்ந்திருந்தோரில் சரிபாதி பிரான்சின் பக்கம்; மீதிப்பேர் பிரேசிலின் பக்கம்.

அன்று பிளாட்டினிக்குப் பிறந்தநாள். பிரான்சின் கோலை அவரே போட்டார். பிரேசிலின் சிக்கோ, ஆட்ட நேரத்தில் கிடைத்த பெனால்டியைக் கோல்காவலரின் கையில் கொடுத்தார். ஆட்டம் சமனாகி முடிவில் பெனால்டி உதைகள் வந்தபோது, பிரேசிலின் சாக்ரடீசு தவறினார், பிளாட்டினியும் தவறினார். உலகின் தலைசிறந்த மூவர் ஒரே ஆட்டத்தில் பன்னிரண்டு கெஜ தூரத்திலிருந்து தோற்றுப்போயினர். பிரான்சு வென்றது. ஆனால் அந்தக் கூடத்தில் வென்ற பக்கத்தார் கூச்சலிடவில்லை. சாக்ரடீசு தலைகுனிந்து நடந்ததைப் பார்த்து எல்லாரும் மௌனமாக இருந்தோம். அந்த மௌனமே நாம் கண்ட கால்பந்து ரசனையின் உச்சம்.

இன்று நாம் காண்பது என்ன?

1998 ஜூலை 12 அன்று, அல்ஜீரியாவிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு மார்செய் நகரில் பிறந்த ஜினடின் ஜிடான், தலையால் முட்டிய இரு கோல்களால் பிரான்சுக்கு உலகக் கோப்பையைத் தேடித்தந்தார். அன்று பிரான்சு முழுவதும் அவர் பெயரை முழங்கியது. ஆனால் 2018-இல் உலகக் கோப்பையிலிருந்து ஜெர்மனி தொடக்கச் சுற்றிலேயே வெளியேறியபோது, துருக்கிய வழிவந்த மெசுத் ஓசில், தாம் வென்றால் ஜெர்மானியராகவும் தோற்றால் குடியேறியவராகவும் பார்க்கப்படுவதாக மனம்நொந்து நாட்டு அணியிலிருந்து விலகினார். 2021-இல் ஐரோப்பியக் கோப்பை இறுதியில் பெனால்டியைத் தவறவிட்ட மூன்று கறுப்பின இங்கிலாந்து இளைஞர்கள் நிறத்தைச் சொல்லி இழிக்கப்பட்டனர். 2022-இல் கத்தார் இறுதியாட்டத்துக்குப் பின் பிரான்சின் கோமானுக்கும் சுவாமெனிக்கும் அதே கதி நேர்ந்தது.

இவை ஐரோப்பாவின் நோய்கள் என்று நாம் வாளாவிருக்க இயலாது. நம் பிள்ளைகள் தம் கைபேசிகளில் விருப்பமான ஆட்டக்காரரைப் போற்றுவதோடு நில்லாமல், எதிரணியாரை ஏசுவதையும் விளையாட்டாகக் கொள்கின்றனர். ஏச்சு ஆட்டக்காரனோடு நிற்பதில்லை. அவன் தாய், இனம், மார்க்கம் வரை நீள்கின்றது. 2022 டிசம்பர் 14 அன்று மொராக்கோ, பிரான்சிடம் 2-0 எனத் தோற்றது. உலகக் கோப்பையில் அரையிறுதி வரை வந்த முதல் அரபு நாடு, முதல் ஆப்பிரிக்க நாடு அது. அவ்விரவில் நம் நெஞ்சு மொராக்கோவின் பக்கமே இருந்தது என்பதை ஒளிப்பானேன்? ஆனால் மறுநாள் நம் ஊர் இளைஞர் சிலரின் பேச்சைக் கேட்டு வருந்தினோம். களத்தில் நடந்ததோ வேறு. ஆட்டம் முடிந்ததும் பிரான்சின் எம்பாப்பே, தம் நண்பரும் எதிரணியினருமான ஹக்கீமியைத் தேடிச்சென்று தழுவினார். அவருடைய சட்டையை வாங்கித் தாம் அணிந்துகொண்டார். ஆடியவர்கள் தழுவிக்கொள்ள, பார்த்தவர்கள் பகைகொள்வது எத்துணைப் பேதைமை!

தவற்றைத் தவறென்று சொல்லுதல் கூடாது என்பது நம் கருத்தன்று. 2006 இறுதியாட்டத்தில் ஜிடான் எதிராளியின் மார்பில் தலையால் மோதி வெளியேற்றப்பட்டதை அவரை நேசிக்கும் நாம் நியாயப்படுத்த மாட்டோம். நேசம் கண்ணை மறைத்தலும் ஆகாது. சினம் கண்ணை மறைத்தலும் ஆகாது.

பெருமானார் காட்டிய நெறி

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் அள்பா என்றொரு பெண் ஒட்டகம் இருந்தது. பந்தயத்தில் அதனை எதுவும் முந்தியதில்லை. ஒரு நாள் நாட்டுப்புற அரபி ஒருவர் தம் இளம் ஒட்டகத்தில் வந்து அதனை முந்திவிட்டார். தோழர்களுக்கு அது பெருந்துயராயிற்று. அதனைக் கண்ட பெருமானார், இவ்வுலகில் உயர்ந்த எதனையும் ஒரு நாள் தாழ்த்துவது இறைவனின் நியதி என்று எடுத்துரைத்தார்கள். வென்றவரை அவர்கள் வெறுக்கவில்லை. தோற்ற ஒட்டகத்தைக் குறைகூறவும் இல்லை. புகாரி நபிமொழித் தொகுப்பில் இடம்பெற்றுள்ள இந்நிகழ்ச்சியினும் மேலான விளையாட்டு இலக்கணம் ஒன்றுண்டோ?

எனவே கல்லூரியாருக்கும் தமிழ்த்துறையினருக்கும் இரண்டு வேண்டுகோள்கள். ஆண்டுதோறும் நடைபெறும் பந்தாட்டத்தில் வென்ற அணிக்குக் கோப்பை வழங்குங்கள். அதனோடு, தோற்ற அணியின் சிறந்த ஆட்டக்காரருக்கு வெண்ணிக் குயத்தியார் பெயரால் ஒரு பரிசும் வழங்குங்கள். அடுத்து, வானொலிச் செய்தியிலும் செய்தித்தாளிலும் கால்பந்தைத் தேடிக் காத்திருந்த முதியோர் சிலர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். மாணவர்கள் அவர்களை அணுகி, அவர்தம் நினைவுகளை எழுதிவைத்தல் வேண்டும். "யார் வென்றார்?" என்பது புத்தகத்தில் கிடைக்கும். "யார் தோற்றபோது கண்கலங்கினீர்கள்?" என்று கேளுங்கள். அதற்கான விடையில்தான் இவ்வூரின் வரலாறு இருக்கின்றது.

தேநீர்க்கடைப் பலகையில் அமர்ந்து வெறுங்காலருக்காக அழுத அந்தப் பெரியவர் இன்று மண்ணுக்குள் உறங்குகின்றார். அவர் கண்ணீர் வற்றிய மண்ணாக நம் காரைக்கால் ஆகிவிடாதிருக்க வல்லோன் அருள்வானாக!