படத்தின் ஓரத்தில் ஒரு பெயர்

மார்கழிப் பனி விலகாத வைகறையில் பழவேற்காடு ஏரி அரவமற்றுக் கிடக்கும். ஆழமற்ற நீரில் பூநாரைகள் நிற்கும்போது, தொலைவிலிருந்து காண்பவர்க்கு வெண்மையே மிகுதியாகத் தெரியும். அவை எழுந்து பறக்கும் நொடியில்தான் சிறகின் செம்மையும் கருமையும் வெளிப்படும். அந்த ஒரு நொடிக்காக, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரவுப்பணி முடித்த இளைஞர் ஒருவர், வீடு செல்லாமல் ஏரிக்கு வந்து சேற்றில் காத்து நிற்கிறார் என வைத்துக்கொள்ளலாம். பலநாள் ஏமாற்றத்துக்குப் பின் படம் அமைகிறது. அதனைச் சமூக ஊடகத்தில் பகிர்கிறார். மறுநாள் அதே படம், காலை வணக்கச் செய்தியாக அவருடைய திறன்பேசிக்கே வந்து சேர்கிறது. சில நாள்களில் ஒரு தங்கும் விடுதியின் விளம்பரத்திலும் இடம்பெறுகிறது. எங்கும் அவர் பெயர் இல்லை.

இணையத்தில் கிடைப்பது எல்லார்க்கும் பொது என்னும் எண்ணமே இதற்குக் காரணம். இந்தியச் சட்டம் அவ்வாறு கருதவில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒளிப்படம் எடுத்தவரே அதன் படைப்பாளர். படம் பதிவான கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. அதற்கென எங்கும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. படைப்பாளரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளும் அவ்வுரிமை நீடிக்கும். திருமணத்துக்குப் பணம் பெற்று எடுக்கும் படங்களின் நிலை வேறு. மாற்று ஒப்பந்தம் இல்லாவிடில், பணம் கொடுத்து எடுக்கச் செய்தவரே அவற்றின் முதல் உரிமையாளர். பலர் அறியாத செய்தி இது. ஆயினும் உரிமை யாரிடம் இருந்தாலும், இது தம் படைப்பு என்று சொல்லும் உரிமை படைப்பாளரை விட்டு நீங்காது என்கிறது அச்சட்டத்தின் 57ஆம் பிரிவு.

சட்டம் தரும் இந்த உரிமையைப் படத்தோடு பிணைத்து அனுப்பும் எளிய வழி நீர்க்குறி. 13ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் ஃபாப்ரியானோ நகரக் காகித வினைஞர்கள், வளைத்த கம்பியைக் காகிதம் வார்க்கும் சல்லடையில் பொருத்தினர். கம்பி பட்ட இடத்தில் தாள் மெலிந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் செய்தவரின் அடையாளம் தெரிந்தது. ரூபாய்த்தாளில் தெரியும் காந்தியடிகளின் உருவமும் அந்த வழியில் வந்ததே. இன்று திரையில், படத்தின்மேல் மங்கலாக இடப்படும் பெயரையும் 'வாட்டர்மார்க்' என்றே அழைக்கின்றனர்.

ஆனால், நீர்க்குறியைப் பூட்டு என்று நம்புவோர் ஏமாறுவர். ஓரத்துப் பெயரை வெட்டி நீக்க ஒரு விரல் போதும். ஒரே குறியைப் பல படங்களில் ஒரே வடிவில் இட்டால், அவற்றை ஒப்பிட்டுக் கணினியே குறியைப் பிரித்து நீக்கிவிடும் என்பதை 2017இல் கூகுள் ஆய்வாளர்கள் செய்துகாட்டினர். குறியின் வடிவைப் படத்துக்குப் படம் சற்றே நெளித்தால், நீக்கிய இடத்தில் வடு எஞ்சும் என்பதையும் அவர்களே கண்டனர். இதற்கெல்லாம் அஞ்சிப் படம் முழுவதும் பெரிய எழுத்தில் பெயரைப் பரப்புவோரும் உளர். பூநாரையின் சிறகைவிட எடுத்தவர் பெயர் பெரிதாகத் தெரியும் படத்தை யார் பார்ப்பார்? திருடனுக்கு அஞ்சி வீட்டு விளக்கை அணைத்துக்கொள்வது போன்றது அது.

பெயரை எங்கே வைப்பது என்பதற்குத் திருவள்ளூர் மாவட்டத்திலேயே பழைய விடை ஒன்று உண்டு. திருவாலங்காட்டைப் பாடிய காரைக்கால் அம்மையார், பதிகத்தின் இறுதிப் பாடலில் தம்மைக் காரைக்கால் பேய் என்று பதித்துவைத்தார். அத்தலத்தையும் திருப்பாசூரையும் பாடிய திருஞானசம்பந்தரும் கடைசிப் பாடலில் தம் பெயரை அமைத்தார். அதனைத் திருக்கடைக்காப்பு என்பர். அப்பெயர் பாடலின்மேல் ஒட்டப்பட்டதன்று, யாப்பினுள் நெய்யப்பட்டது. எடுத்தால் அடி சிதையும். பெயர் மறைந்துபோன சங்கப் புலவர் ஒருவருக்கோ, அவர் ஆண்ட உவமையையே பெயராக்கிச் செம்புலப்பெயல்நீரார் என்று அழைக்க வேண்டியதாயிற்று. ஒளிப்படத்திலும் பெயர் அவ்வாறு நெய்யப்படலாம்: பறவைக்கும் நீரில் விழும் அதன் நிழலுக்கும் நடுவே, வெட்டினால் படமே குறைபடும் இடத்தில், சிறிய மெல்லிய எழுத்தில்.

பெயர் பெருமைக்காக மட்டும் வேண்டுவதன்று. பூண்டியில் தேக்கப்பட்டுப் பின் கிழக்கே ஓடும் கொசஸ்தலையாறு கடல்சேரும் எண்ணூர்க் கழிமுகத்தில், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு பரவியது. எண்ணெய் படிந்த கூழைக்கடாக்களின் படங்கள் பலரைக் கலங்கச் செய்தன. அத்தகைய படம் அழகுப்பொருள் அன்று, சான்று. எங்கே, எந்நாளில், யார் கண்டது என்பவை உடனிருந்தால் அதன் வலிமை பெரிது. அவை நீங்கினால், வேறோர் ஊரின் பழைய படம் என்று சொல்லி எவரும் எளிதில் ஒதுக்கிவிடலாம். கோப்பினுள் நாளும் இடமும் மறைவாகப் பதிவாவது உண்டு. ஆனால் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அக்குறிப்புகள் நீங்கிவிடுகின்றன, ஆவணமாக அனுப்பினால்தான் தங்குகின்றன. படத்தின்மேல் எழுதியதோ உடன் செல்கிறது. பெயரிட்டால் வேலைக்குத் தீங்கு வரும் என்று அஞ்சும் தொழிலாளர், பெயரை விடுத்து இடத்தையும் நாளையும் மட்டும் பதிப்பதில் தவறில்லை.

2012இல் சேர்க்கப்பட்ட 65-பி பிரிவு, படைப்பாளரின் பெயர் முதலிய உரிமைக் குறிப்புகளை அறிந்தே, அனுமதியின்றி நீக்குவோருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் தண்டத்தொகையும் விதிக்கிறது. விடுதிக்காரரை வழக்குமன்றத்துக்கு இழுக்கும் வசதி அந்த இளைஞருக்கு இல்லாமற்போகலாம். ஆனால், குறியிட்ட சிறிய படியை மட்டும் பகிர்ந்து, முழு அளவிலான மூலக் கோப்பைத் தம்மிடமே அவர் வைத்திருந்தால் நிலைமை வேறு. அப்படத்தை எடுத்தவர் தாமே என்று பத்துப்பேர் சொல்லட்டும். விளம்பரத்தில் வெட்டப்பட்ட இடப்பக்க ஓரத்தில் ஒரு மீனவரின் தோணி பாதி தெரிந்தது என்பதைக் காட்ட அவர் ஒருவரால்தான் முடியும்.