படம் பரவினால் போதுமா?

சரக்கை விற்க விரும்பும் வியாபாரி இக்காலத்தில் அச்சிட்ட விளம்பரத்தை மட்டும் நம்பியிருப்பதில்லை. இரண்டொரு நிமிஷத்தில் முடியும் வீடியோப் படமொன்றைத் தயாரித்து யூடியூபில் வெளியிடுகிறான். அது ஜனங்களின் மனத்தைக் கவர்ந்துவிட்டால், கைபேசிக்குக் கைபேசி தாவி, சில தினங்களில் லக்ஷக்கணக்கானோரை எட்டிவிடுகிறது. இந்த வித்தை வியாபாரிகளுக்கு மட்டும் சொந்தமல்ல என்பதைத் தமிழ்நாட்டில் சிலர் செய்து காட்டியிருக்கிறார்கள். அவர்களுடைய முயற்சி எங்கே பலித்தது, எங்கே தடைப்பட்டது என்று ஆராய்வது, ராயபுரம் முதல் எண்ணூர் வரையில் பொதுக் காரியத்தில் ஈடுபட்டுள்ளவர்களுக்கு மிகவும் அவசியமாகும்.

2017-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் 'சென்னை பொறம்போக்கு பாடல்' வெளியாயிற்று. பாடியவர் சங்கீத வித்துவான் டி. எம். கிருஷ்ணா, பாட்டை இயற்றியவர் கபேர் வாசுகி, படமாக்கியவர் ரதீந்திரன் பிரசாத். சபைகளில் கேட்டுப் பழகிய ராகங்களைச் சென்னைப் பேச்சுத் தமிழில் அமைத்து, கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்திலேயே நின்று அவர் பாடினார். புறம்போக்கு என்பது தீர்வை விதிக்கப்படாத, ஊருக்கெல்லாம் பொதுவான நிலம். நாளடைவில் அச்சொல் வசைச் சொல்லாகிவிட்டது. பொது நிலம் இகழ்ச்சிக்குரியதாகும்போது அதை அபகரிப்பது எளிதாகிறது என்ற பெரிய உண்மையை அப்பாட்டு பாமரருக்கும் பண்டிதருக்கும் ஒருங்கே விளக்கிற்று. மயிலாப்பூரில் கச்சேரி கேட்பவர்களுக்கு அனல் மின் நிலையச் சாம்பல் படிந்த ஆற்றைக் கண்ணெதிரே காட்டிற்று.

இதே ரதீந்திரன் பிரசாத் அதற்கு முன், 2015 ஜூலையில், ஸோஃபியா அஷ்ரஃப் பாடிய 'கொடைக்கானல் வோண்ட்' என்ற படத்தை எடுத்திருந்தார். கொடைக்கானலில் 2001-ல் மூடப்பட்ட உஷ்ணமானித் தொழிற்சாலையின் பாதரசத்தால் தாங்கள் பாதிக்கப்பட்டதாகத் தொழிலாளர் பல வருஷங்களாக முறையிட்டு வந்தனர். படம் உலகெங்கும் பரவிற்று. யூனிலீவர் கம்பெனியின் தலைவரே பதில் கூறும்படி நேர்ந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர் சம்பந்தமாக உடன்பாடு ஏற்பட்டது. மண்ணைச் சுத்தப்படுத்தும் தகராறு அத்துடன் தீர்ந்துவிடவில்லையாயினும், கண்கூடான பலன் கிட்டிற்று என்பதில் சந்தேகமில்லை.

கொடைக்கானலில் பலித்தது எண்ணூரில் ஏன் அவ்வாறே பலிக்கவில்லை? காரணம் வெளிப்படை. அங்கே பிரதிவாதி ஒருவரே. அவருடைய சோப்பும் தேயிலையும் வீடுதோறும் விற்பனையாகின்றன. நற்பெயர் கெட்டால் வியாபாரம் கெடும். எண்ணூரிலோ மின் நிலையங்கள், துறைமுகங்கள், எண்ணெய் ஆலை, உரத் தொழிற்சாலை எனப் பலர் இருக்கின்றனர். அவற்றுள் சர்க்கார் ஸ்தாபனங்களும் அடக்கம். சோப்பை வாங்க மறுக்கலாம்; மின்சாரத்தை மறுப்பார் யார்? பழி பலருக்குப் பங்காகும்போது வெட்கம் ஒருவருக்கும் ஏற்படுவதில்லை.

ஆகவே எண்ணூருக்கு வேறு ஆயுதமும் தேவைப்பட்டது. கழிமுகத்தில் சாம்பல் கொட்டப்படுவதை எதிர்த்துப் பாட்டு வெளிவருவதற்கு முன்பே, 2016-ல், வழக்குத் தொடரப்பட்டிருந்தது. 2022 ஜூலையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் மாநில மின் ஸ்தாபனத்தைப் பொறுப்பாளியாக்கி, சாம்பலை அகற்றி ஆற்றைச் சீர்படுத்தும்படி உத்தரவிட்டது. பாட்டு அனுதாபத்தைத் திரட்டிற்று. உத்தரவைப் பெற்றுத் தந்தது மனுவும் சாட்சியமுமே.

உத்தரவினாலும் ஆபத்து நீங்கிவிடவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி ஆலைப் பக்கத்திலிருந்து எண்ணெய் வந்து கழிமுகத்தை மூடிற்று. எண்ணெய் தோய்ந்த கூழைக்கடாப் பறவைகளின் படங்கள் நாடெங்கும் பரவின. அதே மாதம் 26-ம் தேதி இரவு, கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் ஜனங்கள் மூச்சுத் திணறி வீடுகளைவிட்டு ஓடினர். படங்களுக்குக் குறைவில்லை, பரிகாரந்தான் மெதுவாக நடந்தது.

வியாபாரியின் விளம்பரத்தில் நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதோடு அவன் திருப்தியடைவதில்லை. எத்தனை பேர் வாங்கினார்கள் என்று கணக்குப் பார்க்கிறான். 2014-ல் அமெரிக்காவில் தலையில் பனிநீரைக் கொட்டிக்கொள்ளும் படங்கள் பரவியபோது, ஒரு கொடிய நரம்பு நோயின் ஆராய்ச்சிக்கும் சிகிச்சைக்கும் சுமார் பதினொன்றரைக் கோடி டாலர் சேர்ந்தது. பார்த்தவர் செய்யவேண்டியது இன்னதென்று அவை திட்டமாகச் சொன்னதே அதற்குக் காரணம்.

நம் ஊழியர்களும் அவ்வாறே செய்யவேண்டும். ஒரு படத்துக்கு ஒரு கோரிக்கை. அதை நிறைவேற்றவேண்டிய அதிகாரி யார், எந்த உத்தரவின்படி, எந்தத் தேதிக்குள் என்பன அதில் தெளிவாக இருக்கவேண்டும். காட்டுக்குப்பத்து மீனவரே முன்னின்று பேசட்டும். பிரபலஸ்தர் அவர் பக்கத்தில் நிற்கட்டும். எடுத்த படம் நீதி ஸ்தலத்திலும் சாட்சியமாக நிற்கும்படி தேதியும் இடமும் குறிக்கப்படட்டும். பார்த்தவர் தொகை லக்ஷங்களைக் கடந்ததென்று மகிழ்ந்து வீடு திரும்புவது பிரசாரமாகாது. கொசஸ்தலையாற்றில் மறுபடியும் இறால் பெருகும் நாளன்றோ அந்தப் பாட்டு பலித்த நாள்!