மாதம் ஒரு நடைக்கு ஒரு பிக்கப் வேண்டுமா?

ஹைதராபாத்தில் நடுத்தர அளவுள்ள சரக்கு வண்டி எதுவாயினும் அதை ‘டி.சி.எம்.’ என்றே அழைக்கிறார்கள். 1980-களில் டி.சி.எம். டொயோட்டா நிறுவனம் விற்ற இலகு லாரியிலிருந்து வந்த பெயர் அது. நிறுவனம் மறைந்தும் பெயர் நிலைத்துவிட்டது. அந்த வண்டியை வீட்டுக்கென வாங்கி நிறுத்த எவரும் எண்ணியதில்லை. தேவைப்பட்ட நாளில் வாடகைக்கு அழைத்தார்கள்.

இன்று கொண்டாப்பூர் அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் வெள்ளை போர்டுடன் இசுசு வி-கிராஸும் டொயோட்டா ஹைலக்ஸும் நிற்பதைக் காண்கிறோம். சங்கர்பள்ளி, மொய்னாபாத், செவெள்ளா பக்கம் சிறு தோட்டம் வாங்கிய குடும்பங்களுக்கு உர மூட்டை, நாற்று, சொட்டுநீர்க் குழாய், தண்ணீர்த் தொட்டி எனச் சுமை இருந்துகொண்டே இருக்கிறது. ஆகவே அடுத்த காருக்குப் பதிலாக ஒரு பிக்கப் வாங்கிவிடலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பே. ஆயினும் எப்போதாவது சுமை ஏற்றுவோருக்குப் பிக்கப் பெரும்பாலும் தேவையற்றது என்பதே நம் கருத்து.

கணக்கைப் பார்ப்போம். வேண்டிய காரைக் காட்டிலும் பிக்கப்புக்கு 8 லட்சம் ரூபாய் கூடுதலாகக் கடன் பெறுவதாகக் கொள்வோம். 9 விழுக்காடு வட்டியில் 84 தவணைகள் என்றால், அந்தக் கூடுதல் தொகைக்கு மட்டும் மாதத் தவணை ஏறத்தாழ 12,870 ரூபாய். மாதம் ஒரு முறை தோட்டத்துக்குச் சுமை கொண்டுபோனால் ஒவ்வொரு நடையின் விலையும் அதுவே; டீசல் தனி. விற்கும் நாளில் ஒரு பகுதி திரும்பும் என்பது உண்மைதான். இருந்தும், ஒரு குட்டி யானை அதே தொலைவுக்கு என்ன வாடகை கேட்கிறது என்று விசாரித்துவிட்டு இந்த எண்ணுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்தது எடை. பெரிய வண்டி அதிகம் சுமக்கும் என்று நம்புகிறோம். குடும்பத்துக்கென வடிவமைத்த இரட்டைக் கேபின் பிக்கப்பின் உண்மை நிலை வேறு. ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் கிடைப்பதே அது சுமக்கக்கூடிய அளவு. அதில் ஆட்களின் எடையும் சேர்த்தி. ஐந்து பேர் ஏறினாலே 350 கிலோ ஆகிவிடும்; 500 லிட்டர் தொட்டியில் நீர் நிரப்பினால் அதுவே அரை டன். வி-கிராஸ், ஹைலக்ஸ் இரண்டையும் விடக் குறைந்த விலையில் வரும் மஹிந்திரா பொலேரோ பிக்கப்போ 1.3 டன், 1.7 டன் என்று சுமைத்திறனைப் பெயரிலேயே சுமந்து வருகிறது. அழகிய வண்டி குறைவாகச் சுமப்பதும் எளிய வண்டி அதிகம் சுமப்பதும் சந்தையின் வேடிக்கை.

நாம் மிகவும் வலியுறுத்த விரும்புவது போர்டின் நிறத்தையே. வெள்ளை போர்டு வண்டி சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே உரியது. பக்கத்துத் தோட்டக்காரரின் மாங்காயைக் கூலிக்கு ஏற்றிச் சென்று வழியில் விபத்து நேர்ந்தால், தனியார் வாகனக் காப்பீடு கைவிடக்கூடும்; கடன் தவணை மட்டும் கைவிடாது. மஞ்சள் போர்டு வண்டிக்கு எட்டு ஆண்டு வரை இரண்டாண்டுக்கு ஒரு முறையும் அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. வேண்டும். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் தேவையில்லை. ஓட்டுநர் உரிமம் குறித்த நெடுநாள் குழப்பத்தையும் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது: 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகு வாகன உரிமத்துடனேயே ஓட்டலாம்.

தோட்ட வேலையாட்களைப் பின்தொட்டியில் ஏற்றிச் செல்லும் வழக்கத்தைத்தான் நாம் அஞ்சுகிறோம். சரக்கு வண்டியில் இலவசமாக ஏறிவரும் பயணியருக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பாகாது என்று 2002-இல் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஓர் உயிரின் இழப்பீடு முழுவதும் வண்டி உரிமையாளரின் சேமிப்பின் மீது விழும்.

டிரெய்லர் இழுப்பது பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 3,500 கிலோ இழுக்கும் என்று சுற்றிவரும் எண்கள் ஆஸ்திரேலியா போன்ற நாடுகளுக்கானவை. அதுவும் தனி பிரேக் உள்ள டிரெய்லருக்கு. இங்கே வண்டியுடன் தரப்படும் கையேட்டில் உள்ள எண்ணே செல்லும். மேலும் நம் சட்டத்தில் டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனமே. அதற்கும் பதிவு வேண்டும். கொக்கியைப் பொருத்திவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணலாகாது.

விதிவிலக்கு உண்டு. வாரந்தோறும் சுமை ஏற்றுவோர், மழைக்காலச் சேற்றில் தோட்டம் வரை போயாக வேண்டியோர் ஆகியோருக்குச் சொந்த வண்டி நியாயமே. அவர்களுக்கும் 5.3 மீட்டர் நீள வண்டியைக் கொண்டாப்பூரின் 5 மீட்டர் நிறுத்தக் கட்டத்தில் திணிக்கும்படி நாம் கூறமாட்டோம். பழைய பொலேரோ கேம்பர் ஒன்றை வாங்கித் தோட்டத்திலேயே நிறுத்திக்கொள்வது மேல். அப்படிப் பழைய வண்டி வாங்குமுன் எஃப்.சி. எதுவரை செல்லும், வரி பாக்கி உண்டா என்று பார்ப்பதோடு, முந்தைய உரிமையாளரின் கடன் ஆர்.சி.யில் இன்னும் நிற்கிறதா என்பதையும் காண வேண்டும். நின்றால், கடன் கொடுத்தவரின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் கைக்கு வரும்வரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.