வெள்ளத்தைத் தாங்குவது மக்களின் கடமையா?

2025 நவம்பர் இறுதியில் ‘தித்வா’ சூறாவளி இலங்கையைத் தாக்கியபோது மலையகத்தில் மண்சரிவுகள் குடியிருப்புகளையே புதைத்தன. நாடு முழுவதும் 600 இற்கும் அதிகமான உயிர்கள் பலியாகின. அந்தப் பேரிழப்பின் முன்னால் கொழும்பின் புறநகரங்களில் நிகழ்ந்தவை இரண்டாம் பட்சமாகவே பேசப்பட்டன. அதில் தவறில்லை. எனினும், களனி ஆறு பெருக்கெடுத்து வெல்லம்பிட்டி, கொலன்னாவை, சேதவத்தை, கடுவலை ஆகிய பகுதிகளை மூழ்கடித்தமை குறித்துத் தனியாகப் பேசவேண்டிய தேவை உண்டு. அது எதிர்பாராமல் நேர்ந்த அனர்த்தம் அல்ல என்பதே அதற்குக் காரணமாகும்.

2016 மே மாதம் வெசாக் பௌர்ணமி வாரத்தில் இதே வீதிகளில் படகுகள் ஓடின. அப்போது வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பகுதிப் பள்ளிவாசல்களில் சமைக்கப்பட்ட உணவு இன, மத பேதமின்றிப் பகிரப்பட்டது. விகாரைகளும் கோவில்களும் கதவுகளைத் திறந்துவிட்டன. அந்த முஸ்லிம் மக்களையே மூன்று ஆண்டுகளின் பின்னர் நாடு சந்தேகக் கண்கொண்டு பார்த்தது என்பது வேறு கதை. 2025 இலும் அயலவரே அயலவரை மீட்டனர். அரச இயந்திரம் வந்து சேருமுன் சோற்றுப் பார்சல்கள் வந்து சேர்ந்தன.

இம்மக்களின் தாங்கும் ஆற்றலை அரசியல்வாதிகள் ஒவ்வொரு முறையும் மனமாரப் பாராட்டுகின்றனர். அந்தப் பாராட்டே எமக்குக் கவலை தருகின்றது. தாங்குதல் என்பது இலவசமாகக் கிடைப்பதல்ல. நாட்கூலிக்குச் செல்பவருக்கு ஒரு வார வெள்ளம் என்பது ஒரு வார வருமான இழப்பு. முச்சக்கர வண்டியின் இயந்திரத்தில் நீர் புகுந்தால் அதன் லீசிங் தவணை நின்றுவிடுவதில்லை. தையல் இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி, பிள்ளைகளின் பாடப் புத்தகங்கள், பிறப்புச் சான்றிதழ்கள் யாவும் சேற்றில் ஊறிய பின்னர் வீட்டிலுள்ள நகை அடகுக் கடைக்குச் செல்கின்றது. அதை மீட்பதற்குள் அடுத்த வெள்ளம் வந்துவிடுகின்றது. வெளியிலிருந்து பார்ப்போருக்கு, சுவரைக் கழுவி வெள்ளை பூசி மீண்டும் குடியேறிய குடும்பம் ‘மீண்டெழுந்த’ குடும்பமாகத் தோன்றும். கடன் கணக்கை எவரும் பார்ப்பதில்லை. தித்வாவின் பின்னர் வீடு துப்புரவாக்க அரசாங்கம் அறிவித்த 25,000 ரூபா வரவேற்கத்தக்கதே. ஆயினும் அது சேற்றை அகற்றப் போதுமானதாக இருக்கலாம். அடகை மீட்கப் போதாது.

இவ்விடத்தில் ஆற்றின் இயல்பைக் கவனிக்க வேண்டும். கொழும்பில் மழை ஓய்ந்த பின்னரும் வெல்லம்பிட்டியில் நீர் ஏறுவதைக் கண்டு பலர் வியக்கின்றனர். மஸ்கெலியா, நோர்ட்டன் பிரிட்ஜ், தெரணியகலை மலைகளில் பெய்யும் மழை சமவெளியை அடைய நேரம் எடுக்கின்றது. ஆற்றின் மட்டம் உயர்ந்ததும் கால்வாய்களின் நீர் அதனுள் வடிய முடியாமற் போகின்றது. உள்ளே பெய்த மழையும் வெளியேற வழியின்றித் தேங்குகின்றது. அதாவது, மலையில் கொட்டிய மழைக்கும் வாசற்படியேறும் வெள்ளத்துக்கும் இடையில் ஆறு எமக்கு அவகாசம் தருகின்றது. மூதாட்டியொருவரைத் தூக்கிச் செல்லவும் ஆவணங்களைப் பையிலிட்டு மேல்மாடிக்கு ஏற்றவும் அந்த அவகாசம் போதும்.

அதனை வீணடிப்பது நிர்வாகமே. தித்வா காலத்தில் அரச எச்சரிக்கைகள் பல சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே வெளியாகின, தமிழில் தாமதமாக வந்தன அல்லது வரவேயில்லை என்ற விமர்சனம் பரவலாக எழுந்தது. 1987 இல் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஏறத்தாழ நான்கு தசாப்தங்களின் பின்னரும், ‘நீர் ஏறுகின்றது, வெளியேறுங்கள்’ என்ற இரண்டு வசனங்களைத் தமிழில் உரிய நேரத்தில் வெளியிட ஆளில்லை என்பதை எவ்வாறு ஏற்பது? மலையகத்தின் லயன் வரிசைகளிலும் வெல்லம்பிட்டியின் ஒழுங்கைகளிலும் வாழ்வோரில் பலர் தமிழ் பேசுபவர்கள். மொழியுரிமை பற்றி மேடைகளில் பேசுவது ஒரு விடயம். இதுவோ உயிர் பற்றியது.

நிலத்தின் கதையையும் இங்கே தவிர்க்க இயலாது. 2010 நவம்பரில் தியவன்னாவின் நடுவே அமைந்த பாராளுமன்றக் கட்டடத் தொகுதிக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. 2018 இல் கொழும்பு, சர்வதேச ராம்சார் ‘ஈரநில நகரம்’ என்ற அங்கீகாரத்தையும் பெற்றது. ஆனால் தாழ்நிலங்களை மண்ணிட்டு நிரப்பும் பழக்கம் நிற்கவில்லை. குற்றம் சுமத்தப்படுவது மட்டும் கால்வாயோரக் குடிசைகள் மீதே. களஞ்சியங்களுக்கும் மாடிக் கட்டடங்களுக்கும் அனுமதி வழங்கியவர்கள் யாரென்று கேட்கப்படுவதில்லை. கொலன்னாவைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் குப்பை மலையொன்றை வளரவிட்டதன் விலையாக 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, புத்தாண்டு தினத்தன்று, மீதொட்டமுல்லையில் 32 பேர் மாண்டனர். அங்கும் மக்கள் பல்லாண்டுகளாக எதிர்ப்புத் தெரிவித்தும் செவிசாய்க்கப்படவில்லை.

தென்மேற்குப் பருவமழை வழமையாக மே மாதத்தில் ஆரம்பமாகின்றது. அதற்கு முன்னதாக அனர்த்த முகாமைத்துவ நிலையத்திலும் நீர்ப்பாசனத் திணைக்களத்திலும் இரவு பகலாகக் கடமையிலிருக்கும் தமிழ் மொழி உத்தியோகத்தர்கள் நியமிக்கப்பட வேண்டும். நாகலகம் வீதி நீர்மானியின் அளவு, ஒவ்வொரு கிராம உத்தியோகத்தர் பிரிவின் பள்ளிவாசல், கோவில், விகாரை ஒலிபெருக்கிகளுக்கும் ஒரே நேரத்தில் இரு மொழிகளிலும் சென்றடைய வேண்டும். ஒலிபெருக்கிகளும் தொண்டர்களும் ஏற்கெனவே அங்கு இருக்கின்றனர்.