பொய் போன தடத்தில் திருத்தமும் போக வேண்டும்

2018 மே மாதம், சென்னையிலிருந்து போளூர்ப் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குப் புறப்பட்ட ஒரு குடும்பத்தை, பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று எண்ணிக் கூட்டம் கூடி அடித்தது. வழி கேட்க வண்டியை நிறுத்தியதும், அங்கே நின்ற குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததும்தான் அவர்கள் செய்தவை. அந்தக் குடும்பத்தின் மூதாட்டி உயிரிழந்தார். வடமாநிலக் கும்பல் குழந்தை கடத்த வந்திருக்கிறது என்ற செய்திகள் அதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தன.

அந்த ஆண்டு இந்தியா முழுக்கப் பரவிய வீடியோ ஒன்றில், பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். அது கராச்சியில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அவர்கள் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு, எச்சரிக்கை வாசகம் எழுதிய அட்டையைக் காட்டுகிறார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டினார்கள். வெட்டப்பட்டதை ஊர் ஊராகக் கொண்டுபோனது ஃபார்வர்ட் என்கிற சின்ன அம்புக்குறி.

அந்த அம்புக்குறியைப் பற்றிப் பேசத்தான் இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். மக்கள் விவரமில்லாதவர்கள், அதனால்தான் வதந்தியை நம்புகிறார்கள் என்ற பேச்சை நாங்கள் ஏற்கவில்லை. பிள்ளைகளுக்கு ஆபத்து என்று கேள்விப்பட்டால் அக்கம்பக்கத்துக்குச் சொல்லாமல் இருக்கிற தாய் எந்த ஊரிலும் இல்லை. முன்பு அவள் நாலு வீட்டுக்குச் சொல்வாள். யார் சொன்னது என்று அந்த நாலு வீடும் கேட்கும். சொன்னவர் பெயரை உதிர்த்துவிட்டு, ஒரே மூச்சில் இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களுக்கு அனுப்பலாம் என்று திரையை வரைந்தது யாரோ சில மனிதர்கள். மனிதர் வரைந்ததை மனிதர் மாற்றலாம்.

மாற்றியும் இருக்கிறார்கள். 2018 ஜூலையில் வாட்ஸ்அப், கைமாறி வந்த செய்திகளுக்கு ‘ஃபார்வர்ட்’ என்ற அடையாளம் இட்டது. இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாது என்று வரம்பு வைத்தது. படம், வீடியோவுக்கு அருகிலேயே இருந்த விரைவு ஃபார்வர்ட் பொத்தானை எடுத்தது. 2019 ஜனவரியில் அந்த வரம்பு உலகம் முழுவதற்கும் வந்தது. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் இடத்துக்கு மட்டுமே அனுப்பலாம் என்றாக்கியதும், அப்படிப்பட்ட செய்திகளின் ஓட்டம் 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனமே சொன்னது. குறைந்ததெல்லாம் பொய்தான் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால், யாருடைய கடிதத்தையும் பிரிக்காமல், எந்தச் செய்தியையும் நீக்காமல் இது நடந்தது. எங்கள் நம்பிக்கை முழுவதும் இதன்மேல் நிற்கிறது.

திரையைக் கேடாகவும் வரையலாம். ஃபேஸ்புக் 2017 முதல், கோபக் குறி உள்ளிட்ட எமோஜிகளுக்கு ஒரு லைக்கைவிட ஐந்து மடங்கு மதிப்புக் கொடுத்து, எதை யார் கண்ணில் காட்டுவது என்று முடிவு செய்துகொண்டிருந்ததை 2021-இல் வெளிவந்த உள் ஆவணங்கள் காட்டின. கோபமூட்டியவர் முன்வரிசைக்கு வந்தார்; நிதானமாகப் பேசியவர் பின்னுக்குப் போனார்.

பொய்யை ஒழிக்கிறோம் என்று கடிதத்தைப் பிரித்துப் படிப்பதை நாங்கள் எதிர்க்கிறோம். சமூக வலைத்தளக் கணக்குகளோடு ஆதாரை இணைக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றத்துக்கே வழக்கு வந்தது. முதலில் அனுப்பியவரைக் காட்டிக்கொடுக்க வழி வேண்டும் என்று 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகள் கேட்கின்றன. தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று ஒன்றிய அரசே தீர்மானிக்க 2023-இல் கொண்டுவந்த விதித்திருத்தத்தை, 2024 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. அந்தத் தீர்ப்பை வரவேற்கிறோம். எது உண்மை என்று முத்திரை குத்தும் அதிகாரத்தை எந்த ஆட்சிக்கும், எந்த நிறுவனத்துக்கும் தரமாட்டோம்.

நாங்கள் முதலில் கேட்பது இதைத்தான். ஒரு வதந்தியை நான் நாலு பேருக்கு அனுப்பிவிட்டேன்; பொய் என்று மறுநாள் தெரிகிறது. என் குரூப்பில் அதை அழித்துவிடலாம். அதற்குள் பிறர் எடுத்து அனுப்பிய பிரதிகள் அழியாது. அவை ஓடிக்கொண்டே இருக்கும். யாருக்கு அனுப்பினோம் என்ற குறிப்பை அவரவர் போன் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளட்டும். திருத்தம் வந்து சேர்ந்ததும், ‘இதை நீங்கள் அனுப்பிய நால்வருக்கும் இந்தத் திருத்தத்தையும் அனுப்பலாமா?’ என்று கேட்கட்டும். அந்த நால்வரின் போன்களும் அப்படியே கேட்கட்டும். பொய் போன தடமெல்லாம் திருத்தமும் போகும். நிறுவனத்தின் சர்வரில் ஒரு வரிகூடப் பதிய வேண்டியதில்லை; நிறுவனத்திடமிருந்து போலீசுக்குப் பட்டியல் கிடைக்காது. அனுப்புவதா வேண்டாமா என்பது அனுப்பியவரின் விருப்பம்.

இதன் அருமை, வடமாநிலத் தொழிலாளர்கள் பலர் வேலை செய்யும் திருப்பூருக்குத் தெரியும். 2023 மார்ச்சில், பீகார்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுகிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. ஒன்று தொழிலாளர்கள் தங்களுக்குள் போட்ட சண்டை, இன்னொன்று கோவைக்காரர்களுக்குள் நடந்த தகராறு என்று தமிழகக் காவல்துறை விளக்கியது. விளக்கம் ஊடகங்களில் வந்தது. வதந்தியோ ஏற்கெனவே பீகாரின் கிராமங்களில் தாய் தகப்பன் கையிலிருந்த போனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பிள்ளைகளை உடனே ஊருக்கு வரச் சொன்னார்கள், பலர் ரயிலேறினார்கள்.

இரண்டாவது கோரிக்கை குரல்பதிவு பற்றியது. நம் ஊர்களில் வதந்தி எழுத்தாக மட்டும் வருவதில்லை, பதறிப் பேசும் குரலாகவும் வருகிறது. எழுத்தைத் தேடிப் பார்க்கலாம். குரலைச் சாதாரண மனிதர் எங்கே கொண்டுபோய்த் தேடுவார்? பலமுறை கைமாறிய குரல்பதிவைத் தமிழில் எழுத்தாக்கி, போனுக்குள்ளேயே சரிபார்க்க வசதி வேண்டும். புகார் செய்யும் பக்கங்களும் விளக்கங்களும் தமிழில் வேண்டும் என்பதைத் தனியே சொல்லவும் தேவையில்லை. 2018-இல் கண்டியில் முஸ்லிம்கள் தாக்கப்பட்டபோது தன் தளம் தவறாகப் பயன்பட்டதற்கு ஃபேஸ்புக் மன்னிப்புக் கேட்டது 2020-இல்தான். அங்கே சிங்களம் தெரிந்த போதிய ஆட்களை வைத்துக்கொள்ளாததன் விலையை யார் கொடுத்தார்கள் என்பது இலங்கைக்குத் தெரியும்.

திரை வரைகிறவர்கள், நிரல் எழுதுகிறவர்கள், குரூப் அட்மின்கள், ஆசிரியர்கள், பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் எல்லோரையும் அழைக்கிறோம். கோரிக்கையோடு நிற்கப்போவதில்லை. திருத்தம் பின்தொடரும் அந்தத் திரையைத் தமிழிலும் இந்தியிலும் நாங்களே வரைவோம். திருப்பூரில் தொழிலாளர்கள் கையில் கொடுத்து, அவர்களுக்குப் புரிகிற வரை திருத்துவோம். பிறகு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் வைத்துவிட்டு, நிறுவனங்களிடம் பதில் கேட்போம்.