விடியட்டும் என்று காத்திராதீர்கள்



நள்ளிரவில் ஒருவருக்கு மார்பு இறுகி வியர்த்துக் கொட்டினால் நாம் முதலில் அடுப்படிக்குத்தான் ஓடுகிறோம். ஓமத் தண்ணீரைக் கொடுத்து, "வாயுவாகத்தான் இருக்கும், சுபுஹுக்குப் பிறகு டாக்டரிடம் போகலாம்" என்று தேற்றுகிறோம். ஆண்கள் வளைகுடாவில் இருந்தால், அவர்களிடம் யோசனை கேட்பதிலேயே அரை மணி கழிந்துவிடும். இதயத்திற்கு இரத்தம் செல்லும் குழாய் அடைபட்டிருந்தால், அந்நேரமெல்லாம் இதயத் தசை மடிந்துகொண்டிருக்கிறது. தமிழகத்தில் 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் இயங்குகிறது. முதலில் அதை அழையுங்கள். வளைகுடாவைப் பிறகு அழைக்கலாம்.

மார்பு வலித்தால்தான் மாரடைப்பு என்பதுமில்லை. நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் முதியோருக்கும் மூச்சுத் திணறலாகவோ, குமட்டலாகவோ, தாடையிலும் முதுகிலும் வலியாகவோ அது வரக்கூடும்.

எங்கள் தெரு மூதாட்டி ஒருவர் இஷா தொழுதபின் மேல்வயிறு எரிகிறது என்றார். மருமகள் எவரையும் கேட்டுக்கொண்டிராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். இ.சி.ஜி. குறையின்றி இருந்தது. "இனி என்ன, வீட்டுக்குப் போகலாம்" என்று உறவினர் எழுந்துவிட்டனர். "பில்லை ஏற்றத்தான் படுக்க வைக்கிறார்கள்" என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. சில இடங்களில் அப்படியும் நடக்கலாம். ஆனால் அன்றிரவு மருத்துவர் தடுத்ததில் நியாயம் இருந்தது. இதயத் தசை பாதிக்கப்பட்டால் ட்ரோபோனின் என்னும் புரதம் இரத்தத்தில் கசியும். அதன் அளவு உயர்ந்து சோதனையில் தெரியச் சில மணி நேரம் பிடிக்கும். ஆகவேதான் முதற்சோதனை நன்றாக இருந்தாலும், சில மணி கழித்து மீண்டும் இரத்தம் எடுக்கிறார்கள், இ.சி.ஜி.யும் மறுபடி பார்க்கிறார்கள். பின்னிரவில் வந்த இரண்டாம் முடிவில் அளவு ஏறியிருந்தது. மறுநாள் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள்.

நம் பெண்கள் தயங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இ.சி.ஜி. எடுக்க மார்பில் சிறு முனைகளை ஒட்டவேண்டும். பெண் பணியாளரையும் திரையையும் கேளுங்கள், தவறில்லை. அந்நேரம் பெண் பணியாளர் இல்லையென்றால் அதற்காகச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். உயிர் காக்கும் அவசியத்திற்கு மார்க்கம் இடமளித்தே இருக்கிறது.

நோயாளியை மாடிப்படி இறங்கி நடக்க விடாமல் உட்காரவையுங்கள். அன்றாட மாத்திரை அட்டைகளையும் பழைய இ.சி.ஜி. தாளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பழைய தாளோடு ஒப்பிட்டால்தான் புதிதாக வந்த மாற்றம் எதுவென மருத்துவருக்கு விளங்கும்.