உடைகளைக் காத்த இளைஞர்



இரவு படுக்கப் போகுமுன் ஐந்து நிமிடம் அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று மறைக்கல்வி வகுப்பிலேயே நமக்குச் சொல்லித் தந்தார்கள். ஆன்ம சோதனை என்று அதற்குப் பெயர். யாரிடம் கோபப்பட்டோம், எந்தப் பொய்யைச் சொன்னோம், காலைச் செபத்தை ஏன் விட்டோம் என்று எண்ணிப் பார்க்கிறோம். நல்லதுதான். ஆனால் நம்முடைய ஆன்ம சோதனை பெரும்பாலும் வீட்டு வாசற்படியைத் தாண்டுவதில்லை. நாட்டில் நடந்த ஒரு காரியத்தைக் கேள்விப்பட்டு மனதார 'சரிதான்' என்று சொன்னோமே, அதைப் பற்றி ஆண்டவரிடம் நாம் வாய் திறப்பதில்லை. அது அரசியல், செபத்தில் அதற்கு என்ன வேலை என்று ஒதுக்கி வைத்துவிடுகிறோம்.

2019 டிசம்பர் 6 நினைவிருக்கும். ஐதராபாத் அருகே கால்நடை மருத்துவரான ஓர் இளம்பெண்ணைச் சீரழித்துக் கொன்ற வழக்கில் கைதான நால்வரையும் அன்று அதிகாலையில் காவல்துறை சுட்டுக் கொன்றது. மக்கள் கூடிக் காவலர்கள் மீது பூக்களைத் தூவினார்கள், இனிப்பு வழங்கினார்கள். நம் பங்குகளில் மட்டும் என்ன வேறுபாடு? அன்று காலைத் திருப்பலி முடிந்து வெளியே வந்தவர்களின் முகத்திலும் ஒரு நிறைவு இருந்தது. "இப்படித்தான் சாமி செய்யணும்" என்று சொல்லாதவர்கள் குறைவு.

அதன் பிறகு நடந்ததை எத்தனை பேர் கவனித்தோம்? உச்ச நீதிமன்றம் அமைத்த விசாரணை ஆணையத்தின் அறிக்கை 2022 மே மாதம் வெளியானது. அந்த நால்வரும் வேண்டுமென்றே, கொல்லும் நோக்கத்தோடு சுடப்பட்டார்கள் என்று அது கூறியது. அவர்களில் மூவர் அப்போது 18 வயது நிறையாதவர்கள் என்றும் கூறியது. நால்வரும் குற்றவாளிகள்தானா என்பதை இனி எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாது. இன்னொன்றும் உண்டு. அந்தப் பெண்ணைக் காணவில்லை என்று இரவில் புகார் கொடுக்கப் போன குடும்பத்தினரை, இது எங்கள் எல்லை இல்லை என்று ஒரு காவல் நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு அலைக்கழித்தார்கள். அதற்காகக் காவலர்கள் மூவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். துப்பாக்கிச் சத்தத்துக்குப் பிறகு அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. பூத் தூவியதில் அது மூடிப் போய்விட்டது.

ஆறே மாதம் கழித்து, 2020 ஜூனில், நம் தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்தில் ஒரு தந்தையும் மகனும் காவல்துறையின் பிடியில் அடிபட்டு இறந்தார்கள். ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்தார்கள் என்பதுதான் சொல்லப்பட்ட குற்றம். நாம் எல்லாரும் துடித்துப் போனோம், மெழுகுதிரி ஏற்றினோம். துடித்தது நியாயமே. ஆனால் விசாரணை எதற்கு, அங்கேயே முடித்துவிடுங்கள் என்று டிசம்பரில் நாம் கொடுத்த அதிகாரம் அல்லவா ஜூனில் லத்தியாக வந்தது? இந்த இரண்டையும் ஒரே இரவில், ஒரே செபத்தில் சேர்த்துப் பார்க்க நமக்கு மனம் வரவில்லை. 2024 ஜூலையில் சென்னையில் ஓர் அரசியல் தலைவர் வெட்டிக் கொல்லப்பட்டார். பத்து நாள்களுக்குள், அவ்வழக்கில் சரணடைந்த ஒருவர் காவலில் இருந்தபோதே சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போதும் கைபேசிகளில் பாராட்டுச் செய்திகள்தான் சுற்றின.

திருத்தூதர் பணிகள் நூலில் ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்ற காட்சியை நினைத்துக்கொள்வோம். சவுல் என்ற இளைஞர் அங்கே இருந்தார். அவர் ஒரு கல்லையும் எறியவில்லை. எறிந்தவர்கள் கழற்றி வைத்த மேலுடைகளைப் பார்த்துக்கொண்டார், அந்தக் கொலைக்கு உடன்பட்டிருந்தார், அவ்வளவுதான். ஆனால் பல ஆண்டுகள் கழித்து, பவுலாக எருசலேமில் மக்கள் முன் நின்று தம் கதையைச் சொல்லும்போது அதை அவர் மறைக்கவில்லை. நான் அங்கே நின்றேன், உடன்பட்டேன், உடைகளைக் காத்தேன் என்ற பொருள்பட வெளிப்படையாகச் சொல்கிறார். கையால் செய்யாததையும் தம் கணக்கில் எழுதிக்கொள்கிறார். இதைவிட நல்ல ஆன்ம சோதனை விவிலியத்தில் அதிகம் இல்லை. ஒரு காணொளியை 'அருமை' என்று நான்கு பேருக்கு அனுப்புகிறோமே, அது கல்லெறிதல் அல்ல. உடைகளைக் காக்கும் வேலைதான்.

இப்படிச் சொல்லும்போது, "இதெல்லாம் லிபரல் பேச்சு, சாமி" என்று சிலர் சொல்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே நம்மில் பலருக்கு முகம் சுளிக்கிறது. கட்டளைகளைத் தளர்த்துவது, எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று அதற்குப் பொருள் கொள்கிறோம். நாம் இங்கே கேட்பது தளர்வான ஆன்மீகத்தை அல்ல, தாராளமான ஆன்மீகத்தை. விசுவாசத்தை இறுகப் பற்றிக்கொண்டே, 'இதில் நான் இன்னும் பார்க்காதது ஏதும் இருக்கிறதா?' என்று கேட்கும் மனம் அது. பிறர் வாயிலிருந்து உண்மை வந்தாலும் ஏற்றுக்கொள்ளும் மனம் அது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் தந்த 'இன்றைய உலகில் திருச்சபை' ஏட்டின் 16ஆம் பத்தி, மனச்சான்றைக் கடவுளோடு மனிதர் தனித்திருக்கும் இடமாகக் காண்கிறது. இதை நாம் அடிக்கடி கேட்கிறோம். ஆனால் மனச்சான்றுக்குப் பணிவதில்தான் கிறிஸ்தவர்கள் மற்ற மனிதரோடு இணைந்து உண்மையைத் தேடுகிறார்கள் என்றும் அதே பத்தி கற்பிக்கிறது. அந்தப் பகுதி மறையுரைகளில் அவ்வளவாகக் கேட்பதில்லை.

மரண தண்டனை விஷயத்தில் திருச்சபையே இந்த வழியில்தான் நடந்து வந்திருக்கிறது. நீண்ட, மெதுவான நடை அது. ஒரு காலத்தில் திருத்தந்தையர் நாடாண்டார்கள். அந்த நாட்டுக்கும் கொலைத் தண்டனையை நிறைவேற்றுபவர் ஒருவர் இருந்தார். ஜொவான்னி பத்திஸ்தா புகாத்தி என்பவர் 1796 முதல் 1864 வரை அந்தப் பணியில் இருந்து ஐந்நூறுக்கு மேற்பட்டவர்களின் உயிரை எடுத்தார். அதற்கு முன்பே, 1764இல், மிலான் நகரத்துச் செசாரே பெக்காரியா என்ற இளம் அறிஞர் மரண தண்டனை தேவையற்றது, பயனற்றது என்று வாதிட்டு நூல் எழுதியிருந்தார். இரண்டே ஆண்டுகளில் அந்த நூல் கத்தோலிக்கர் படிக்கக் கூடாத நூல்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆனால் 1786 நவம்பர் 30 அன்று தஸ்கனி நாடு மரண தண்டனையைச் சட்டத்திலிருந்தே நீக்கியது. அந்நாளின் நினைவாகத்தான் இன்று சாந்த் எஜிதியோ கத்தோலிக்கச் சமூகம் ஆண்டுதோறும் நவம்பர் 30 அன்று நகரங்களில் விளக்கேற்ற அழைக்கிறது. வத்திக்கான் நகர நாட்டின் சட்டத்திலும் 1929 முதல் 1969 வரை மரண தண்டனை இருந்தது. அங்கே அது ஒருமுறைகூட நிறைவேற்றப்படவில்லை என்பது ஆறுதல்.

1992இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல் மிகக் கடுமையான குற்றங்களுக்கு அதை அனுமதித்தது. 1995இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 'வாழ்வின் நற்செய்தி' சுற்றுமடலில் அத்தகைய தேவை இன்று ஏறக்குறைய இல்லை என்றார். அதற்கேற்ப 1997இல் நூல் திருத்தப்பட்டது. 2018 ஆகஸ்டில் திருத்தந்தை பிரான்சிஸ் 2267ஆம் எண்ணையே மாற்றி எழுதச் செய்து, மரண தண்டனை ஏற்கத்தகாதது என்று அறிவித்தார். குற்றவாளியின் மனித மாண்பு அவனுடைய குற்றத்தால் அழிந்துவிடுவதில்லை என்பது அதன் அடிப்படை. காயின் தன் தம்பியைக் கொன்ற பிறகும், அவனை யாரும் கொல்லாதபடி ஆண்டவர் ஓர் அடையாளம் இட்டார் என்று தொடக்க நூலில் படிக்கிறோமே, அந்தப் பழைய உண்மைதான் இது. பெக்காரியாவின் நூலிலிருந்து இந்த மாற்றம்வரை 254 ஆண்டுகள். நாம் தடைசெய்த ஒருவர் சொன்னதில் நற்செய்தியின் ஒரு துளி இருந்தது என்று ஏற்க அவ்வளவு காலம் ஆயிற்று. திருச்சபை தன் மனதை இப்படித் திறந்து வைத்திருக்க, அதன் பிள்ளைகளாகிய நாம் மட்டும் "கண்ணுக்குக் கண்" என்று நிற்கலாமா?

நம் நாட்டிலும் இந்தக் குரல் புதிதல்ல. 1949 ஜூனில் அரசியல் நிர்ணய சபையில் பேசிய டாக்டர் அம்பேத்கர், மேல்முறையீட்டு உரிமை பற்றிப் பேசுவதைவிட மரண தண்டனையையே ஒழிப்பதைத் தாம் ஆதரிப்பதாகச் சொன்னார். அரிதினும் அரிதான வழக்குகளில் மட்டும் என்று 1980இல் உச்ச நீதிமன்றம் வரம்பு கட்டியது. பயங்கரவாதக் குற்றங்கள், நாட்டுக்கு எதிரான போர் தவிர மற்றவற்றில் நீக்கிவிடலாம் என்று 2015இல் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தத் தண்டனை தொடர்கிறது. தில்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, மரண தண்டனைக் கைதிகளில் நான்கில் மூவர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். தூக்கு மேடைக்குப் போகிறவன் பெரும்பாலும் நல்ல வழக்கறிஞரை அமர்த்த வழியில்லாதவன் என்பது பங்கு நடத்துகிற எவருக்கும் வியப்பாக இராது.

தமிழ்நாட்டவராகிய நாம் மறக்கக் கூடாத ஒரு வழக்கு இருக்கிறது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியும், அவரோடு காவலர்களும் பொதுமக்களும் கொல்லப்பட்டார்கள். கொடிய குற்றம். 1998 ஜனவரியில் தடா நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. இருபத்தாறு பேருக்கும்! அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரை விடுவித்தது. நால்வருக்கு மட்டுமே தூக்கு உறுதியானது. அந்த நால்வரில் ஒருவர் பேரறிவாளன். பேட்டரிகள் வாங்கிக் கொடுத்ததாக அவர் கொடுத்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரியே, அவை எதற்கென்று தமக்குத் தெரியாது என அவர் சொன்ன பகுதியைத் தாம் எழுதாமல் விட்டதாக 2013இல் வெளியே சொன்னார். 2014இல் தண்டனை ஆயுள் சிறையாகக் குறைக்கப்பட்டது. 2022 மே 18 அன்று அவர் விடுதலையானார். 31 ஆண்டுகள் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கிய ஒரு தாய்க்கு மகன் உயிரோடு திரும்பக் கிடைத்தான். 1998இல் மக்களின் ஆத்திரப்படி காரியம் நடந்திருந்தால் எத்தனை தாய்மாருக்கு என்ன பதில் சொல்லியிருப்போம்?

"எல்லாம் சரி சாமி, உங்களுக்கு ஒரு மகள் இருந்து அவளுக்கு இப்படி நடந்திருந்தால்?" அன்பியக் கூட்டங்களில் இந்தக் கேள்வி தவறாமல் வரும். கேட்பவர் பெரும்பாலும் பெண் பிள்ளை பெற்றவராக இருப்பார். நமக்கு மகள் இல்லை. ஆகவே இதற்கு நாம் அவசரமாகப் பதில் சொல்லக் கூடாது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களின் கோபம் பாவமல்ல. அவர்களுடைய கூக்குரலைவிடக் கடுமையான கூக்குரல்கள் திருப்பாடல்களிலேயே இருக்கின்றன. புதைத்த மண் காயுமுன் "மன்னித்துவிடுங்கள்" என்று அவர்களுக்குப் போதிப்பது குருக்களாகிய நம்மிடம் உள்ள ஒரு கெட்ட பழக்கம். மன்னிப்பு அவர்கள் கொடுக்க வேண்டியது, நாம் பிடுங்கித் தர முடியாது. ஆனால் அவர்களுடைய கோபமும் நம்முடையதல்ல. நம்மில் பலர் அதை ஒரு நாளுக்கு இரவல் வாங்கிக்கொண்டு, மறுநாள் வேறு செய்திக்குப் போய்விடுகிறோம். அந்தக் குடும்பமோ அதே வீட்டில் இருக்கிறது. வழக்கு விரைவாக நடக்கிறதா, சாட்சி சொல்பவருக்குப் பாதுகாப்பு உண்டா, இரவில் புகார் கொடுக்கப் போகும் தாயை நாற்காலியில் உட்கார வைத்து எழுதிக்கொள்கிறார்களா என்று கேட்க நமக்குப் பொறுமை இல்லை. தூக்குக் கயிறு அரசுக்கு மலிவான பதில். இந்தப் பதில்களுக்குப் பணமும் ஆளும் வேண்டும்.

மன்னிப்பு எவ்வளவு மெதுவாக வளர்கிறது என்பதற்கு அருள்சகோதரி ராணி மரியாவின் குடும்பம் ஒரு சான்று. கேரளத்தில் பிறந்து, மத்தியப் பிரதேசத்தில் ஏழை விவசாயிகளிடையே உழைத்த அவரை, வட்டிக்காரர்களின் தூண்டுதலால் சமந்தர் சிங் என்பவர் 1995 பிப்ரவரி 25 அன்று, பயணம் செய்த பேருந்திலிருந்து இழுத்துக் கத்தியால் குத்திக் கொன்றார். 2002இல் ராணி மரியாவின் தங்கை, அவரும் துறவிதான், சிறைக்குச் சென்று கொலையாளியின் கையில் ராக்கி கட்டித் தம்பியாக ஏற்றார். இடையில் ஏழு ஆண்டுகள். அந்த ஏழு ஆண்டுகளில் அக்குடும்பம் எத்தனை இரவுகள் செபிக்க முடியாமல் செபித்திருக்கும்! விடுதலைக்காகக் குடும்பமே வேண்டியது. 2006இல் அவர் விடுதலையானார். ராணி மரியா 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் அருளாளர் பட்டம் பெற்றார். சமந்தர் சிங் தண்டிக்கப்பட்டார், பல ஆண்டுகள் சிறையிலும் இருந்தார் என்பதையும் கவனிக்க வேண்டும். மரண தண்டனை வேண்டாம் என்பது தண்டனையே வேண்டாம் என்பதல்ல.

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதையின் முதல் நிலையில் முழந்தாளிடுகிறோம். அந்த நிலையே ஒரு மரண தண்டனைத் தீர்ப்புதான். கூட்டத்தின் சத்தத்துக்குப் பணிந்து ஓர் அதிகாரி எழுதிய தீர்ப்பு அது. அந்தக் கூட்டத்தில் எல்லாருமே கெட்டவர்கள் என்று நற்செய்தியாளர்கள் சொல்லவில்லை.

அடுத்த அன்பியக் கூட்டத்தில் வழக்கமான விவிலியப் பகிர்வுக்குப் பின் ஒரு கால்மணி நேரம் ஒதுக்கிப் பாருங்கள். கடந்த ஓராண்டில் யாருடைய சாவுச் செய்தியைக் கேட்டு நாம் மகிழ்ந்தோம் என்று ஒவ்வொருவரும் மனதுக்குள் எண்ணிப் பார்க்கட்டும். வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. பெயர் நினைவுக்கு வந்தால் அந்தப் பெயருக்காகவும், அவரால் பாதிக்கப்பட்டவரின் பெயருக்காகவும் சேர்த்தே ஒரு மங்கள வார்த்தை செபம் சொல்லுங்கள். முதல் முறை அந்த இரண்டு பெயர்களும் ஒரே செபத்தில் வருவதற்குச் சற்றுத் தயங்கும்.